மாற்ற வேண்டாம், பிரித்தால் போதும்

வீடியோவிலிருந்து ஒலி மட்டும் வேண்டுமென்றால் எம்பி3 ஆக மாற்றுவதே வழி என்று பலர் நினைக்கிறார்கள். மாற்றவே தேவையில்லை, பிரித்தெடுத்தால் போதும். எம்பி4 கோப்பு ஒரு டப்பா மாதிரி. படமும் ஒலியும் அதற்குள் தனித்தனியாகவே இருக்கின்றன. அந்த ஒலி பெரும்பாலும் ஏஏசி முறையில் ஏற்கெனவே சுருக்கப்பட்டது. எம்பி3 ஆக்கினால் மறுபடியும் சுருங்கி, நுணுக்கம் இன்னும் கொஞ்சம் போகும். தரத்தை நொடிக்கு 320 கிலோபிட் என்று வைத்தாலும் கோப்புதான் பெருக்குமே தவிர, போன ஒலி திரும்பாது. 2000-இல் தொடங்கிய இலவச மென்பொருளான எஃப்எஃப்எம்பெக்கில், படத்தை விட்டு ஒலியை அப்படியே நகலெடுக்கக் கட்டளையிட்டால், ஒரு மணி நேரப் பேச்சும் சில நொடிகளில் எம்4ஏ கோப்பாகிவிடும்.

பழைய கருவிகளில் எம்பி3 மட்டும்தானே பாடும் என்று கேட்கலாம். உண்மைதான். அதற்கென ஒரு பிரதியை மாற்றிக்கொள்ளுங்கள். மூல ஒலியை மட்டும் அழித்துவிடாதீர்கள். அது தாத்தா பாட்டியின் குரலாக இருந்தால், மறுபடி பதிவு செய்ய வாய்ப்பே கிடைக்காமல் போகலாம்.