சாலையே வீடு – 12: வண்டியை எடுக்காதே!

சென்ற வாரம் அமெரிக்க, கனடிய லாரி ஓட்டுநர்களின் வேலை நேர விதிகளைப் பற்றியும், அந்த நேரத்தைக் கணக்கெடுக்கும் மின்னணுக் கருவியைப் பற்றியும் எழுதியிருந்தேன். விதி இருக்கிறது, கருவியும் வந்துவிட்டது. ஆனாலும் ரோட்டில் கைகாட்டி நிறுத்திப் பார்க்க ஆள் வேண்டுமே. இந்த வாரம் அந்த ஆட்களைப் பற்றியும் அவர்கள் கையில் இருக்கும் ஓர் அதிகாரத்தைப் பற்றியும் பார்ப்போம்.

2018 ஏப்ரல் 6, வெள்ளிக்கிழமை மாலை. கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் ஹம்போல்ட் என்ற சிறு நகரத்தின் இளைஞர் ஐஸ் ஹாக்கி அணி, ஓர் ஆட்டத்துக்காகப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தது. 35ஆம் எண் நெடுஞ்சாலையும் 335ஆம் எண் நெடுஞ்சாலையும் வெட்டிக்கொள்ளும் இடத்தில், இரண்டு டிரெய்லர்களில் பீட் பாசிப் பொதிகளை ஏற்றிவந்த லாரி ஒன்று ஸ்டாப் பலகையில் நிற்காமல் குறுக்கே வந்தது. பேருந்தில் இருந்த 29 பேரில் 16 பேர் இறந்தார்கள். மற்ற 13 பேரும் காயப்பட்டார்கள்.

வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபோது அரசுத் தரப்பு ஓர் அறிக்கையைத் தாக்கல் செய்தது. விபத்துக்கு முந்தைய 11 நாட்களில் அந்த ஓட்டுநரின் குறிப்பேடுகளில் 70 விதிமீறல்கள் இருந்தன. 51 மீறல்கள் வேலை நேரம் தொடர்பானவை. மீதி 19, வண்டியைத் தினமும் சோதித்து எழுதவேண்டிய குறிப்பு தொடர்பானவை. அறிக்கையில் இன்னொரு வரியும் இருந்தது. விபத்து நடந்த அன்று ஏதாவது ஒரு சோதனை அதிகாரி அந்த லாரியை நிறுத்திப் பார்த்திருந்தால், ஓட்டுநர் 72 மணி நேரம் வண்டியைத் தொடக்கூடாது என்று அங்கேயே உத்தரவு போட்டிருப்பார்.

குறிப்பேட்டுப் பிழைகள்தாம் அந்த 16 உயிர்களைக் கொன்றன என்று சொல்லிவிட முடியாது. முதலாளியோடு இரண்டு வாரம் ஓட்டிப் பழகிவிட்டு, தனியாக ஓட்டத் தொடங்கிச் சில நாட்களே ஆன இளைஞர் அவர். டிரெய்லரின் தார்ப்பாய் காற்றில் படபடத்து அடித்துக்கொண்டதில் தன் கவனம் போய்விட்டது என்றார். ஆனால் அன்று காலையோ மதியமோ யாராவது நிறுத்தியிருந்தால், மாலை ஐந்து மணி வாக்கில் அவர் அந்தச் சந்திப்பில் இருந்திருக்கமாட்டார். அந்த அறிக்கையைப் பற்றிப் படித்த பிறகு, சாலையோரச் சோதனையை அபராத வசூலாக என்னால் பார்க்க முடியவில்லை.

வட அமெரிக்காவில் இந்த அதிகாரத்துக்கு ‘அவுட் ஆஃப் சர்வீஸ்’ என்று பெயர். நாம் ஓடத் தடை என்று வைத்துக்கொள்வோம். கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டுக் கிளம்பலாம் என்ற பேச்சே இதில் கிடையாது. வண்டியில் குறை என்றால், மெக்கானிக் வந்து சரிசெய்யும் வரை வண்டி நகரக்கூடாது. ஓட்டுநர் நேரம் தாண்டி ஓட்டியிருந்தால், அமெரிக்காவில் 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகே ஸ்டீயரிங்கைத் தொடலாம். தக்காளி அழுகினாலும் சரி, தொழிற்சாலையில் சரக்குக்குக் காத்திருந்தாலும் சரி.

இது ஒரே நாளில் வந்ததல்ல. 1970களில் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் ஒவ்வொரு எல்லையிலும் ஒவ்வொரு சட்டம். ஒரு மாநிலத்தில் தேறிய வண்டியை அடுத்த மாநிலத்தில் மறுபடி நிறுத்துவார்கள். 1980-ல் சில அமெரிக்க மாநிலங்களும் கனடிய மாகாணங்களும் கூடிப் பேசின. எங்கே சோதித்தாலும் ஒரே முறை, எந்தக் குறைக்கு ஓடத் தடை என்பதற்கு ஒரே பட்டியல், ஒருவர் பார்த்த வண்டியை மற்றவர் நம்புவது என்று முடிவெடுத்தன. அந்தக் கூட்டுதான் ‘கமர்ஷியல் வெஹிகிள் சேஃப்டி அலையன்ஸ்’. 1982-ல் அமெரிக்க நடுவண் அரசு மாநிலங்களின் சோதனைப் பணிக்கு மானியம் கொடுக்கச் சட்டம் இயற்றியது. இன்று அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 30 லட்சம் சாலையோரச் சோதனைகள் நடக்கின்றன. நெடுஞ்சாலைப் போலீசும், போக்குவரத்துத் துறையின் தனி அதிகாரிகளும் செய்கிறார்கள். மெக்சிகோவும் இந்தக் கூட்டில் உண்டு.

சோதனையில் பல நிலைகள் உள்ளன. ஓட்டுநரின் தாள்களை மட்டும் பார்ப்பது ஒன்று, வண்டியைச் சுற்றிவந்து பார்ப்பது ஒன்று. கதிரியக்கப் பொருள் ஏற்றும் லாரிக்குத் தனி நிலையே இருக்கிறது. அதில் ஒரு சிறு விளக்கு எரியாவிட்டால்கூட வண்டி கிளம்ப முடியாது. எல்லாவற்றிலும் முழுமையானது முதல் நிலை. அதில் 37 படிகள். ஒரு வண்டிக்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகும்.

நம் பக்கத்துச் செக்போஸ்ட் என்றதும் ஆர்.சி. புத்தகமும் பர்மிட்டும் நீட்டும் கைதான் கண்முன் வரும். அங்கேயும் தொடக்கம் அப்படித்தான். வணக்கம் சொல்லி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, உரிமம், மருத்துவச் சான்று, வேலை நேரப் பதிவு எல்லாம் வாங்கிப் பார்ப்பார்கள். பேசும்போதே மது வாடை உண்டா, கண் சொருகுகிறதா என்று கவனிப்பார்கள். பிறகு விளக்கு, கண்ணாடி, வைப்பர், ஸ்டீயரிங் ஆட்டம். முன் டயரின் பட்டன் ஆழம் 3.2 மில்லிமீட்டருக்கும் மற்ற டயர்களில் 1.6 மில்லிமீட்டருக்கும் குறையக்கூடாது. வீல் நட்டைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருந்தால் நட்டு தளர்ந்திருக்கலாம் என்று கை வைத்துப் பார்ப்பார்கள். அதன் பிறகு அதிகாரி சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போவார். தாளில் தெரியாத சங்கதிகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அவற்றில் முதன்மையானது பிரேக்.

லாரியின் ஏர் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஓட்டுநர் பெடலை மிதித்ததும் அழுத்தக் காற்று ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ள வட்டமான சேம்பருக்குள் பாய்கிறது. அங்கிருந்து ஓர் இரும்புத் தண்டு, புஷ்ராடு, வெளியே தள்ளப்படுகிறது. அது நெம்புகோலைத் திருப்ப, டிரம்முக்குள் இருக்கும் லைனிங் விரிந்து டிரம்மைக் கவ்வுகிறது. லைனிங் தேயத் தேய புஷ்ராடு அதிக தூரம் வெளியே வந்தால்தான் பிடி கிடைக்கும். சேம்பரின் நீளத்துக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தொட்டுவிட்டால் எவ்வளவு மிதித்தாலும் தண்டு அதற்கு மேல் நகராது.

ஓட்டுநருக்கு இது தெரியாது என்பதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து. ஊருக்குள் மெல்ல மிதித்து மெல்ல நிறுத்தும்போது, தேய்ந்த பிரேக்கும் நல்ல பிரேக் போலவே காலுக்குப் படும். மலையிறக்கத்தில் தொடர்ந்து மிதிக்கும்போது டிரம் சூடேறி விரிகிறது. லைனிங்கைவிட்டு விலகிப் போகிறது. புஷ்ராடு இன்னும் கூடுதல் தூரம் போயாக வேண்டும், ஆனால் போக இடம் இல்லை. அந்த இறக்கத்தில்தான் முதன்முதலாக ஓட்டுநருக்குத் தன் பிரேக்கின் நிலை தெரியவருகிறது. வண்டியும் சரக்குமாக 36 டன் எடை. அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பொதுவாக அனுமதிக்கப்படும் உச்ச எடை அது. கனடாவில் எட்டு அச்சு வண்டிகள் 60 டன்னையும் தாண்டும்.

அதிகாரி செய்வது எளிய வேலைதான். பிரேக் விட்ட நிலையில் புஷ்ராடின் மேல் சாக்குக்கட்டியால் கோடு போடுகிறார். ஓட்டுநரை முழுதாக மிதிக்கச் சொல்கிறார். தொட்டியில் காற்றழுத்தம் 90-லிருந்து 100 பி.எஸ்.ஐ.க்குள் இருக்க வேண்டும். கோடு எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று அளக்கிறார். பரவலாகப் பயன்படும் டைப் 30 சேம்பருக்கு எல்லை 2 அங்குலம், நீண்ட வகை என்றால் இரண்டரை. வண்டியில் உள்ள பிரேக்குகளில் 20 சதவீதம் பழுது என்றால் ஓடத் தடை. ஐந்து அச்சு வண்டியில் பத்துப் பிரேக். இரண்டு போனால் போதும். ஒரு சாக்குக்கட்டி, ஒரு அளவுகோல், கொஞ்சம் பொறுமை. மலையடிவாரத்தில் யாரோ ஒரு குடும்பம் உயிரோடு வீடு போய்ச் சேருவதற்கு இவை போதும் என்று நினைக்கும்போது எனக்கு இந்த வேலையின் மீது பெரிய மரியாதை வருகிறது.

சோதனையில் தேறிய வண்டியின் கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஒட்டிய மாதமும் அடுத்த இரண்டு மாதங்களும் செல்லும். காலாண்டுக்கு ஒரு நிறம் என்பதால் தூரத்திலிருந்தே தெரியும். அந்த வண்டியைப் பெரும்பாலும் மறுபடி நிறுத்தமாட்டார்கள்.

1988-லிருந்து ஆண்டுக்கு ஒருமுறை மூன்று நாள் சேர்ந்தாற்போல் கண்டம் முழுக்கச் சோதனை நடக்கிறது. ‘ரோட்செக்’ என்று பெயர். 2024-ல் அந்த மூன்று நாட்களில் 48,000-க்கும் மேற்பட்ட சோதனைகள் நடந்தன. சோதிக்கப்பட்ட வண்டிகளில் 23 சதவீதத்துக்கு ஓடத் தடை விழுந்தது. ஓட்டுநர்களில் அது 5 சதவீதத்துக்கும் குறைவு. தடை வாங்கிய வண்டிகளின் குறைகளில் பிரேக்தான் ஆண்டுதோறும் முதலிடம். தேதியை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள், இது என்ன சோதனை என்று கேட்பவர்கள் உண்டு. அந்த வாரம் விடுப்பு எடுத்துவிடும் ஓட்டுநர்களும் உண்டு. நான் அறிவிப்பின் பக்கம். அந்தத் தேதியை நினைத்து ஒரு முதலாளி பிரேக் லைனிங் மாற்றினால், மாற்றிய லைனிங் அடுத்து வரும் மாதங்களிலும் பிடிக்கும்.

ஆனால் முன்கூட்டியே அறிவித்த பின்னும், ஏறத்தாழ நாலில் ஒரு வண்டி ரோட்டில் இருக்கக்கூடாத நிலையில் மாட்டுகிறது. குறை கண்ணில் படும் வண்டிகளைத்தான் அதிகாரிகள் அதிகம் நிறுத்துவார்கள் என்பதால், எல்லா லாரிகளும் இப்படித்தான் என்று கணக்குப் போடக்கூடாது. இருந்தாலும் இது சிறிய எண்ணிக்கை இல்லை.

நிறுத்தும் அதிகாரத்தை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்ற கேள்வி இப்போது அமெரிக்காவில் சூடாக இருக்கிறது. லாரி ஓட்டுநருக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்ற விதி அங்கே பல பத்தாண்டுகளாக உண்டு. 2016-லிருந்து அதற்காக வண்டியை நிறுத்தி வைக்காமல் இருந்தார்கள். 2025 ஏப்ரலில் அதிபர் உத்தரவு வந்தது. ஜூன் 25 முதல், அதிகாரி ஆங்கிலத்தில் கேட்பதற்குப் பதில் சொல்லத் தெரியாத ஓட்டுநருக்கும் ஓடத் தடை. சாலைப் பலகையைப் படிக்கத் தெரிய வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை, மலையிறக்கத்தில் ‘பிரேக்கைச் சோதி’ என்ற பலகை உயிர் காக்கும். ஆனால் புஷ்ராடின் இரண்டு அங்குலத்தை எந்த அதிகாரி அளந்தாலும் இரண்டு அங்குலம்தான். ஒருவருடைய ஆங்கிலம் போதுமா என்பது கேட்பவரின் காதையும் பொறுமையையும் பொறுத்தது. பஞ்சாபிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் வந்து ஓட்டுபவர்கள் அங்கே ஏராளம். நாற்பது ஆண்டுகளாக ஒரே அளவுகோல் என்று கட்டிக்காத்த நம்பிக்கை, ஆளுக்கு ஆள் மாறும் தீர்ப்பில் கரைந்துவிடக்கூடாது.

இன்னொரு கேள்வி என்னை அதிகம் உறுத்துகிறது. வண்டி நின்றால் நட்டம் யாருக்கு? ஹம்போல்ட் வழக்கில் ஓட்டுநருக்கு 8 ஆண்டு சிறை. பாதுகாப்பு விதிகளையும் குறிப்பேட்டு விதிகளையும் கடைப்பிடிக்காத நிறுவன உரிமையாளருக்கு 5,000 டாலர் அபராதம். அந்த 70 மீறல்களும் 11 நாட்களில் சேர்ந்தவை. குறிப்பேட்டைப் பார்க்க வேண்டிய முதல் ஆள் முதலாளி. ரோட்டில் நிற்கும் போலீஸ் அடுத்த ஆள்தான். இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் குரல் கொடுத்தன. 2019 மார்ச்சில் சஸ்காட்செவனில் கனரக டிரெய்லர் லாரி ஓட்டப் பயிற்சி கட்டாயமாயிற்று. அதுவரை எத்தனை மணி நேரம் பயில வேண்டும் என்ற வரையறையே அங்கே இல்லை.

முதலாளியைப் பொறுப்பாக்க முடியாது என்பதும் இல்லை. ஒன்டாரியோ அதைச் செய்து காட்டியது. 1995-ல் அங்கே லாரிகளிலிருந்து கழன்று பறந்த சக்கரங்கள் எதிரே காரில் வந்தவர்களைக் கொன்றன. இன்று டொரன்டோவைச் சுற்றி வாழும் நம் ஈழத்து மக்கள் நாள்தோறும் போய்வரும் நெடுஞ்சாலைகளின் கதை இது. 1997-ல் சட்டம் வந்தது. ஓடும் லாரியிலிருந்து சக்கரம் கழன்றால், என்னால் ஆனதையெல்லாம் செய்தேன் என்ற வாதம் செல்லாது. 50,000 டாலர் வரை அபராதம். லாரி நிறுவனம் ஒன்று இதை எதிர்த்து வழக்காடியது. 2003-ல் மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

ஓட்டுநருக்கு வருவோம். நெடுந்தூர ஓட்டுநர்கள் பெரும்பாலோருக்கு அங்கே மைல் கணக்கில்தான் கூலி. சக்கரம் சுற்றினால் காசு. காலையில் வண்டியைச் சுற்றிவந்து நட்டையும் டயரையும் பார்க்கும் நேரத்துக்கும், அதிகாரி அடியில் படுத்திருக்கும் ஒரு மணி நேரத்துக்கும், ஓடத் தடை வாங்கி மெக்கானிக்குக்காகக் காத்திருக்கும் அரை நாளுக்கும் பல நிறுவனங்களில் ஒன்றும் கிடையாது. இத்தனைக்கும் சோதனை நேரத்தை வேலை நேரமாகக் குறிக்க வேண்டும் என்பது சட்டம். மின்னணுக் கருவி அதை வேலை என்று பதிவு செய்கிறது. சம்பளச் சீட்டு செய்வதில்லை. அதிகாரியைக் கண்டால் ஓட்டுநர் முகம் சுளிப்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா? மைல் கூலி எப்படி வந்தது, அதை மாற்றக் கேட்டு நடக்கும் போராட்டம் எங்கே நிற்கிறது என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

(தொடரும்)