பிச்சாவரம் போய்வர என்ன செலவு?

சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் படகுத்துறை ஏறத்தாழ 16 கி.மீ. போய்வர 32. லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் பெட்ரோல் கார் இதற்கு இரண்டு லிட்டருக்குச் சற்று மேலே குடிக்கும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் சுமார் 215 ரூபாய். லிட்டருக்கு 50 கி.மீ. தரும் பைக்குக்கு 65 ரூபாய் போதும். வண்டி வைத்திருப்போர் பெரும்பாலும் இந்தக் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள்.

விட்டுப்போகும் செலவு இதற்குக் குறைந்ததல்ல. 8 லட்சத்துக்கு வாங்கிய காரைப் பத்து ஆண்டுகளில் ஒரு லட்சம் கி.மீ. ஓட்டிவிட்டு 3 லட்சத்துக்கு விற்றால், தேய்மானம் மட்டுமே கி.மீ.க்கு 5 ரூபாய். பிச்சாவரம் பயணத்துக்கு 160. அதற்கு மேல் டயர், சர்வீஸ், இன்சூரன்ஸ், கடன் வட்டி. கடைசி இரண்டும் வண்டி வீட்டு வாசலில் சும்மா நின்றாலும் ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

புகைக் கணக்கு வேறு மாதிரி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறும், டீசலில் 2.7 கிலோ. இந்த 32 கி.மீ.க்குக் கார் விடுவது ஏறக்குறைய 5 கிலோ, பைக் ஒன்றரைக் கிலோ. லிட்டருக்கு 5 கி.மீ. ஓடும் பேருந்து 17 கிலோ விடும். நாற்பது பேர் ஏறினால் தலைக்கு அரைக் கிலோகூட வராது. பத்தே பேர் என்றால் தலைக்கு 1.7 கிலோ, தனியாகப் பைக்கில் போவதைவிட அதிகம். பேருந்து என்றாலே பசுமை என்பது காலி இருக்கைகளைப் பார்க்காதவர் பேச்சு. ஆனால் அந்தப் பேருந்து எப்படியும் ஓடத்தான் போகிறது. கூடுதலாக ஒருவர் ஏறுவதால் எரியும் டீசல் மிகச் சொற்பம்.

மின்சார ஸ்கூட்டருக்கு இந்தத் தூரத்துக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் போதும். பெரும்பாலான வீடுகளில் அது பத்து ரூபாய்க்குள் அடங்கும். புகையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது; இதே கடலூர் மாவட்டத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எரிகிறது. யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ என்று வைத்தாலும் பெட்ரோல் பைக்கில் பாதிதான். பேட்டரி தயாரிப்பில் எழும் புகை தனி. ஸ்கூட்டரைப் பல ஆண்டுகள் ஓட்டினால்தான் அது ஈடாகும்.

பெண்களுக்குக் கணக்கு இன்னும் எளிது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் அவர்களுக்குக் கட்டணம் இல்லை.

போய்ச்சேரும் இடத்துக்கும் இந்தக் கணக்கில் பங்குண்டு. 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த பிச்சாவரம் அலையாத்திக் காடு, கரியைச் சேற்றுக்குள் பூட்டி வைக்கிறது. 2004 சுனாமியில் பின்னாலிருந்த குப்பங்களுக்கு அரணாக நின்றதும் இதுவே. கடல்மட்டம் உயர்ந்தால் முதலில் அடிபடுவதும் இப்படிப்பட்ட காடுதான். படகுத்துறையிலும் ஒரு தேர்வு காத்திருக்கிறது. மோட்டார் படகு அகன்ற வாய்க்கால்களோடு நின்றுவிடும். சுரபுன்னைக் கிளைகள் தலைக்கு மேல் கூடும் குறுகிய வாய்க்கால்களுக்குள் டீசல் குடிக்காத துடுப்புப் படகுதான் நுழையும்.

ஒருவருக்குப் பேருந்து, இருவருக்குப் பைக், குடும்பத்தோடு என்றால் கார்கூட மோசமில்லை: ஐந்து பேர் போனால் தலைக்கு ஒரு கிலோ புகைதான். ஒற்றை ஆளுக்காகக் காரை எடுப்பது மட்டும் பணத்திலும் நஷ்டம், புகையிலும் நஷ்டம்.