துணைமின் நிலையத்தில் ஜல்லிக்கல் எதற்கு?

ஜொகூரில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை வழியாகப் போகும்போது, செம்பனைத் தோட்டங்களுக்கு மேலே உயரமான இரும்புக் கோபுரங்கள் வரிசையாகச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கம்பிகள் போய்ச் சேரும் இடம் துணைமின் நிலையம். வேலிக்கு வெளியே நிற்பவரின் கண்ணில் முதலில் படுவது மின்மாற்றிகளும், தட்டுகளை அடுக்கி வைத்தது போன்ற மின்காப்பிகளும்தான். தரையை யாரும் கவனிப்பதில்லை. அங்கே புல் இருக்காது. முற்றம் முழுவதும் ஜல்லிக்கல் பரப்பியிருக்கும். அந்தக் கல் அங்கே வேலை செய்பவரின் உயிரைக் காக்கிறது என்றால் நம்புவீர்களா?

2022 ஜூலை 27ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் பல பகுதிகளில் திடீரென்று மின்சாரம் நின்றது. ஜொகூரில் உள்ள யோங் பெங் தீமோர் துணைமின் நிலையத்தில் ஒரு சாதனம் பழுதடைந்ததே காரணம் என்று தெனாகா நேஷனல் அறிவித்தது. சில மணி நேரத்தில் மின்சாரம் படிப்படியாகத் திரும்பியது. வீட்டில் விசிறி நின்றதுதான் நமக்குப் பெரிய செய்தி. ஆனால், ஒரு துணைமின் நிலையத்தில் கோளாறு ஏற்படும் அந்த நொடியில் அங்கே ஒருவர் நின்றுகொண்டிருந்தால் அவர் காலடியில் என்ன நடக்கும் என்று யோசித்திருக்கிறீர்களா?

தீபகற்பத்தின் முக்கிய மின்தடங்கள் 132, 275, 500 கிலோவோல்ட் அளவில் இயங்குகின்றன. இவற்றில் ஏற்படும் கோளாறுகளில் பெரும்பாலானவை ஏதாவது ஒரு கம்பிக்கும் நிலத்துக்கும் இடையில்தான் நேர்கின்றன. மின்னல் தாக்கலாம், மரம் சாயலாம், மின்காப்பி உடையலாம். அப்போது ஆயிரக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் நிலத்துக்குள் இறங்குகிறது.

பூமியின் மின்னழுத்தம் பூஜ்ஜியம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். சாதாரண நாள்களில் அது சரி. கோளாறு நேரும் நொடியில் சரியல்ல. ஒரு சிறு கணக்குப் போடுவோம். நிலத்துக்குள் 5,000 ஆம்பியர் இறங்குகிறது, அந்த இடத்தின் புவித்தொடுப்பு மின்தடை அரை ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓம் விதிப்படி இரண்டையும் பெருக்கினால் 2,500 வோல்ட். அதாவது, தூரத்தில் உள்ள நிலத்தோடு ஒப்பிட்டால் நிலையத்தின் தரையே 2,500 வோல்ட்டுக்கு உயர்ந்துவிடுகிறது!

அப்படியானால் உள்ளே நிற்பவர் பிழைப்பது எப்படி? உயர் அழுத்தக் கம்பியில் உட்கார்ந்திருக்கும் பறவையை நினைத்துப் பாருங்கள். அதன் இரண்டு கால்களும் ஏறக்குறைய ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால் அதன் உடல் வழியாக மின்னோட்டம் பாய்வதில்லை. மின்னழுத்தம் எவ்வளவு உயரம் என்பதைவிட, உடலின் இரண்டு புள்ளிகளுக்கு இடையே அது எவ்வளவு வேறுபடுகிறது என்பதே முக்கியம்.

ஆனால் மண் கம்பி மாதிரி இல்லை. மின்னோட்டம் இறங்கும் இடத்தில் மின்னழுத்தம் மிக அதிகமாக இருக்கும். விலக விலகக் குறையும். ஒரு கால் இங்கே, இன்னொரு கால் ஓரடி தள்ளி என்றால் இரண்டு கால்களுக்கும் இடையே வேறுபாடு உண்டாகும். இதை அடி மின்னழுத்தம் என்கிறார்கள். 2016 ஆகஸ்டில் நார்வேயின் ஹார்டாங்கர்விடா பீடபூமியில் மின்னல் தாக்கியபோது 323 ரெயின்டியர் மான்கள் ஒரே இடத்தில் இறந்து கிடந்தன. ஒவ்வொரு மான் மீதும் தனித்தனியாக மின்னல் விழவில்லை. நிலத்தில் பரவிய மின்னோட்டமே முக்கியக் காரணம் என்று விளக்கினார்கள். முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம் என்பதால், நாலுகால் பிராணிகளுக்கு இந்த ஆபத்து நம்மைவிடக் கூடுதல்.

இதற்காகத்தான் துணைமின் நிலையத்தின் அடியில் சுமார் அரை மீட்டர் ஆழத்தில் செம்புக் கம்பிகளை மீன்வலை போலக் குறுக்கும் நெடுக்குமாகப் புதைக்கிறார்கள். ஆங்காங்கே நீண்ட தண்டுகளை மண்ணுக்குள் அடித்து வலையோடு இணைக்கிறார்கள். மின்மாற்றியின் உறை, இரும்புத் தூண், வேலி என எல்லா உலோகமும் இந்த வலையோடு சேர்க்கப்படும். கோளாறு நேர்ந்தால் எல்லாம் சேர்ந்தே உயரும், சேர்ந்தே இறங்கும். உள்ளே நிற்பவரும் ஏறக்குறைய அந்தப் பறவையின் நிலைக்கு வந்துவிடுகிறார்.

ஏறக்குறைய என்று சொல்வதற்குக் காரணம், வலையின் கண்களுக்கு நடுவே கொஞ்சம் வேறுபாடு மிஞ்சும் என்பதுதான். அங்கேதான் ஜல்லிக்கல் வருகிறது.

மனித உடலின் மின்தடையைப் பொறியாளர்கள் 1,000 ஓம் என்று கொள்வது வழக்கம். ஈரக் களிமண்ணில் ஒரு பாதத்துக்கும் நிலத்துக்கும் இடையே ஏறத்தாழ 300 ஓம் இருக்கலாம். இரண்டு பாதங்களுக்கு 600. உடலோடு கூட்டினால் 1,600 ஓம். இரு கால்களுக்கும் இடையே 1,000 வோல்ட் இருந்தால் பாயும் மின்னோட்டம் 0.625 ஆம்பியர். இப்போது மண்மீது ஒரு சாண் அளவுக்கு ஜல்லியைப் பரப்புங்கள். நனைந்த ஜல்லியிலும் ஒரு பாதத்துக்கு ஏறத்தாழ 7,000 ஓம் கிடைக்கும். மொத்தம் 15,000 ஓம். அதே 1,000 வோல்ட்டுக்கு மின்னோட்டம் 0.067 ஆம்பியர்தான்.

இந்த இரண்டு எண்களில் எது ஆளைக் கொல்லும்? அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் டால்சியல் கடந்த நூற்றாண்டில் இந்தக் கேள்வியை ஆராய்ந்தார். ஆபத்து மின்னோட்டத்தின் அளவை மட்டுமல்லாமல், அது பாயும் நேரத்தையும் பொறுத்தது என்று அவருடைய ஆய்வு காட்டியது. 0.116ஐ நேரத்தின் வர்க்கமூலத்தால் வகுத்தால், 50 கிலோ எடையுள்ள ஒருவர் தாங்கக்கூடிய மின்னோட்டம் கிடைக்கும். அரை நொடிக்கு அது 0.16 ஆம்பியர். ஈரக் களிமண்ணில் நின்றவர் அந்த எல்லையை வெகுவாகத் தாண்டிவிடுகிறார். ஜல்லியில் நின்றவர் அதற்குள் இருக்கிறார். அரை நொடிக்குப் பதில் 0.1 நொடியில் மின்சாரம் துண்டிக்கப்பட்டால் எல்லை எவ்வளவு? கணிப்பொறியில் நீங்களே போட்டுப் பாருங்கள். பாதுகாப்புக் கருவிகள் ஏன் இவ்வளவு வேகமாக இயங்குகின்றன என்பது புரியும்.

நம் ஊர் மழையில் ஜல்லிக்கு இடையே மண் வந்து சேரும், அதில் களை முளைக்கும். மண் நிரம்பிய ஜல்லி பழையபடி தடுக்காது. துணைமின் நிலையத்தில் களை எடுப்பதும் மின் பாதுகாப்பு வேலைதான் என்று சொன்னால் பலர் சிரிப்பார்கள். அது உண்மை.

ஜல்லியைவிடப் பெரிய கவலை திருட்டு. செம்புக்கு நல்ல விலை கிடைப்பதால் நம் நாட்டில் துணைமின் நிலையங்களுக்குள் புகுந்து கம்பியை வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் போய் உயிரை விட்டவர்களும் உண்டு. எர்த் கம்பியில் சாதாரண நேரத்தில் மின்னோட்டம் அநேகமாக இருக்காது. அதனால் அது சும்மா கிடக்கும் கம்பி என்று எண்ணி வெட்டிவிடுகிறார்கள். அதன் பிறகும் நிலையம் வழக்கம்போல ஓடும், விளக்குகள் எரியும். அடுத்த கோளாறு வரும் நாளில் மின்மாற்றியின் உறைமீது கை வைத்திருக்கும் ஊழியர்தான் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

புயலில் மின்கம்பி அறுந்து விழுந்தாலும் இதே இயற்பியல்தான். குறைந்தது 10 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். அருகில் மாட்டிக்கொண்டால் ஓடாதீர்கள். ஓடும்போது கால்கள் அகலும். இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து, தரையிலிருந்து தூக்காமல், சிறிது சிறிதாகத் தேய்த்தபடி விலகுங்கள். கார் மீது கம்பி விழுந்தால் உதவி வரும்வரை உள்ளேயே இருங்கள்.

தாமானில் விளையாடும்போது பந்து துணைமின் நிலைய வேலிக்குள் விழுந்துவிட்டதா? வேலி ஏற வேண்டாம், குச்சி விட்டு இழுக்கவும் வேண்டாம். 15454 என்ற எண்ணில் தெனாகா நேஷனலை அழைத்துச் சொல்லுங்கள். பந்து ஜல்லிமீது பத்திரமாகவே கிடக்கும்.