மழைநீரில் நின்ற வண்டிக்கு செல்ஃப் அடிக்காதீர்கள்

2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் கொட்டிய 49 சென்டிமீட்டர் மழையும், 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலும் தென்சென்னைக்காரர்களை உஷார்ப்படுத்தியிருக்கின்றன. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசைகட்டி நின்றன. ஆனால் ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் போன்ற ஏரியோரப் பகுதிகளில் எல்லா வண்டிக்கும் மேட்டில் இடம் கிடைக்காது. தண்ணீர் வடிந்ததும் பலரும் முதல் வேலையாகச் சாவியைப் போட்டுப் பார்க்கிறார்கள். வெள்ளம் செய்யாத சேதத்தை அந்த ஒரு முயற்சி செய்துவிடும், இழப்பீட்டையும் சிக்கலாக்கிவிடும்.

காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. ஏர் ஃபில்டர் வழியாக சிலிண்டருக்குள் நீர் புகுந்திருக்கையில் செல்ஃப் அடித்தால், பிஸ்டன் மேலேற வழியின்றி கனெக்டிங் ராடு வளையும். தவணையே முடியாத வண்டிக்கு இஞ்சின் வேலை என்றால் குடும்பம் தாங்குமா? ஆகவே முதலில் நீர் நின்ற அடையாளத்தோடு வண்டியைப் படமெடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, ஏர் ஃபில்டரைப் பாருங்கள். நனைந்திருந்தால், மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இஞ்சினைக் கையால் சுற்றி நீரை வெளியேற்ற வேண்டும். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த காபி போல இருந்தால் அதில் நீர் சேர்ந்திருக்கிறது. மாற்றாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஃபில்டர் உலர்ந்து, ஆயிலும் தெளிவாக இருந்தால் கோளாறு பெரும்பாலும் ஃப்யூஸ், வயரிங், ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம்தான்.

'வெள்ளத்துக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கிறதே' என்பார்கள். தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்தவருக்கு அது இல்லை. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்தவருக்கு உண்டு. ஆனால் அதே பாலிசி தொடர்விளைவு இழப்பை விலக்குகிறது, பழுதான வண்டியை ஓட்டியதால் கூடிய சேதம் உரிமையாளர் பொறுப்பு என்கிறது. வளைந்த ராடை நிறுவனங்கள் இந்தக் கணக்கில்தான் தள்ளுகின்றன. இஞ்சின் பாதுகாப்புக்கென்று தனியாகப் பணம் கட்டியவர்களும் அதன் நிபந்தனைகளைப் படித்துவிடுவது நல்லது. 'வெள்ள நாளில் டோ வண்டி எங்கே கிடைக்கும், எத்தனை நாள் காத்திருப்பது' என்பது நியாயமான கேள்வி. உள்ளே நிற்கும் நீர் துருவும் ஏற்றும். அதனால்தான் தகவலை எழுத்தில் அனுப்பிவிட்டு, நீரை வெளியேற்றும் வேலையை மட்டும் உள்ளூர் மெக்கானிக்கிடம் செய்துகொள்ள நிறுவனத்தின் சம்மதம் கேட்கச் சொல்கிறேன். காரை இழுத்துச் செல்லும் செலவில் 1,500 ரூபாய் வரை வழக்கமான பாலிசியே தரும்.

'நீங்கள்தான் ஸ்டார்ட் செய்தீர்கள்' என்று கிளெய்மை மறுத்தால் அப்படியே ஏற்காதீர்கள். சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே நீர் புகுந்து நின்ற வண்டிகளுக்கு நுகர்வோர் ஆணையங்கள் இழப்பீடு வழங்கச் சொன்னதுண்டு. நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதி ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லாவிட்டால், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் மனு கொடுக்கலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் கட்டணமின்றி விசாரிப்பார். அவர் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டாண்டு அவகாசம் உண்டு. அங்கே வழக்கு நிலுவையில் இருந்தால் குறைதீர்ப்பாளர் மனுவை ஏற்கமாட்டார் என்பதால், முதலில் அவரிடம் போவதே மேல்.