தோட்டத்தை விட்டுப் பட்டணம் போகுமுன்

"இனித் தோட்டத்தில் என்ன இருக்கிறது? பட்டணத்துக்கே போய்விடலாம்" என்ற பேச்சு எழாத தோட்டக் குடும்பம் உண்டா? மலேசியாவில் 1970ஆம் ஆண்டில் நூற்றுக்கு 28 பேரே நகரங்களில் வாழ்ந்தனர். 2020ஆம் ஆண்டில் அது 75 பேராக உயர்ந்துவிட்டது. இந்த மாற்றத்தில் நம் நிலை என்ன என்பதை இன்று சிந்திப்போம்.

வளரும் நாடுகள் பலவற்றுக்கு முதல் மூலதனத்தைத் தந்தது விவசாயமே. விளைபொருளை விற்று வந்த பணம்தான் சாலையாகவும் பள்ளிக்கூடமாகவும் தொழிற்சாலையாகவும் மாறியது. 1960ஆம் ஆண்டில் மலாயாவின் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கு மேல் ரப்பர் ஈட்டித் தந்தது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால் வெட்டிய நம்மவரின் உழைப்பும் அதில் அடங்கும்.

பிறகு ஏன் தோட்டத்தில் வேலை குறைந்தது? ரப்பர் விலை இறங்கவே, பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. பால் மரத்தைப் பெரும்பாலும் ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவார்கள். செம்பனைக் குலையையோ பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அறுத்தால் போதும். ஆகவே, அதே நிலத்துக்குக் குறைந்த ஆட்களே தேவைப்பட்டனர். சில தோட்டங்கள் துண்டாடப்பட்டன. நகரை ஒட்டிய சில தோட்டங்கள் வீடமைப்புக்காக விற்கப்பட்டன.

இங்கே ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். சொந்த நிலமும் வீடும் உள்ள கிராமவாசி பட்டணம் போனால், திரும்பி வர அவருக்கு ஓர் இடம் உண்டு. நமக்கோ வீடும் வேலையும் ஒன்றோடொன்று பிணைந்தவை. வேலை போனால் லயத்து வீடும் போய்விடும். வெறுங்கையோடு பட்டணம் போன பலர் புறம்போக்கு நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்ததற்கு இதுவே காரணம்.

இதற்கு ஒரு வழி காட்டவே, துன் சம்பந்தன் முயற்சியால் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்குதாரர்களானார்கள். அந்தப் பணத்தைக் கொண்டு சங்கம் தோட்டங்களை வாங்கியது. கூலி வாங்கும் கைகள் ஒன்றுசேர்ந்தால் நிலத்துக்கும் உடைமையாளர் ஆகலாம் என்பதை அது காட்டியது.

பட்டணம் போவது தவறன்று. ஆயத்தமின்றிப் போவதே தவறு. போகுமுன் மூன்று கேள்விகள் கேட்போம். பிள்ளைகளின் கையில் ஒரு தொழில் இருக்கிறதா? குடியிருக்க வீட்டுக்கு வழி செய்தோமா? ஊழியர் சேமநிதியில் நம் கணக்கு எவ்வளவு, வீடு வாங்க அதிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்று விசாரித்தோமா? மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு மூட்டையைக் கட்டுவோம்.