கால் பென்னியின் வெட்டு விளிம்பு

இங்கிலாந்தின் உழவு நிலங்களில் மெட்டல் டிடெக்டர் கொண்டு தேடுவோருக்குக் கிடைக்கும் பழம்பொருள்களுள், இருபுறம் நேராகவும் ஒருபுறம் வளைந்தும் இருக்கும், விரல் நகத்தைவிடச் சிறிய வெள்ளித் துண்டும் ஒன்று. உடைந்த காசு என்று எளிதில் ஒதுக்கிவிடத் தோன்றும் இத்துண்டு பல நேரங்களில் உடைந்ததே அன்று. வேண்டுமென்றே வெட்டப்பட்டு, அந்த அளவிலேயே செல்லுபடியான பணமாகக் கைமாறியது.

12, 13ஆம் நூற்றாண்டுகளில் அந்நாட்டின் அன்றாடப் புழக்கத்தில் இருந்த நாணயம், ஏறத்தாழ 1.4 கிராம் எடையுள்ள வெள்ளிப் பென்னி ஆகும். சிறு கொள்முதலுக்கு அது பெரிய தொகையாக இருந்ததால், அதை இரண்டாக வெட்டி அரைப் பென்னியாகவும், நான்காக வெட்டி ஃபார்த்திங்காகவும் பயன்படுத்தினர். நான்கில் ஒன்று என்னும் பொருளுடைய ஃபார்த்திங், காலணாவை அறிந்த தமிழருக்கு விளக்கம் வேண்டாத பெயர்.

எனவே துண்டை அடையாளம் காண்பவர் முதலில் பார்க்க வேண்டியது அரசரின் முகத்தை அன்று, விளிம்பைத்தான். முறிந்த விளிம்பு ஒழுங்கின்றிப் பிசிறடித்திருக்க, வெட்டிய விளிம்போ நேராக ஓடி, கால் துண்டாயின் நாணயத்தின் நடுப்புள்ளியில் ஏறத்தாழச் செங்கோணமாகக் கூடும். பின்பக்கத்தில் பொறித்த சிலுவையின் கைகளே வெட்டுக்கு வழிகாட்டியதால், முன்பக்கத்தில் அரசரின் ஒரு கண்ணோ சில முடிச்சுருள்களோ மட்டுமே எஞ்சுவதுண்டு.

காலத்தைக் கணிக்கப் பின்பக்கமே பெரிதும் துணை செய்கிறது. சிலுவையின் இரு கைகளுக்கு இடைப்பட்ட மூலையில் நான்கு புள்ளிகள் ஒரு குட்டிச் சிலுவை போலக் கூடியிருந்தால், அது 1180 முதல் 1247 வரை அச்சான குறுஞ்சிலுவைப் பென்னி. மூன்று புள்ளிகளும், எழுத்து வட்டத்தைக் கடந்து விளிம்பைத் தொடும் இரட்டைக் கோட்டுச் சிலுவையும் இருந்தால், 1247க்குப் பின் வந்த நெடுஞ்சிலுவைப் பென்னி. ஓரத்தைச் சுரண்டி வெள்ளி திருடுவோரைத் தடுக்கவே சிலுவை இவ்வாறு நீட்டப்பட்டது. அரசரின் பெயரை மட்டும் நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும்; ரிச்சர்டும் ஜானும் ஆண்ட ஆண்டுகளிலும் குறுஞ்சிலுவைக் காசுகளில் ஹென்றியின் பெயரே தொடர்ந்தது.

பின்பக்க வட்டத்தில் காசடித்த அதிகாரியின் பெயரும், அதையடுத்து ‘ஓ’, ‘என்’ என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளும், பிறகு ஊர்ப் பெயரும் வரும். கால் துண்டில் நான்கைந்து எழுத்துகளே தேறும் என்றாலும், அவ்விரண்டையும் தொடர்ந்து ‘எல்’, ‘வி’, ‘என்’ தெரிந்தால், அக்காலத்தில் ‘யு’வுக்குப் பதில் ‘வி’ எழுதப்பட்டதால், அது லண்டன் அக்கசாலையில் அச்சானது என்று துணியலாம். இத்தனை சிறிய துண்டு தான் பிறந்த ஊரைச் சொல்வது உண்மையில் வியப்புக்குரியது.

வெட்டிய வெள்ளி எல்லாமே பென்னி என்று கொள்வதும் தவறு. லிங்கன்ஷயரிலுள்ள டார்க்சியில், 872–873 குளிர்காலத்தில் வைக்கிங் படை தங்கிய இடத்தில், அரபு எழுத்துள்ள திர்ஹம் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. அவை எண்ணிக் கொடுத்த காசுகள் அல்ல, எடைபோட்டுக் கொடுத்த வெள்ளி; ஆதலால் வெட்டில் கால், அரை என்ற ஒழுங்கு கிடையாது.

மண்ணிலிருந்து எடுத்ததும் துண்டைத் துணியால் தேய்ப்பதே அதற்கு நேரும் மிகப் பெரிய கேடு. நீண்ட காலம் புதைந்து நொய்ந்த வெள்ளியில், ஒட்டிய மணல் துகள்கள் கீறி, எஞ்சிய எழுத்தையும் அழித்துவிடும்.

1279இல் முதலாம் எட்வர்டு வட்ட வடிவ ஃபார்த்திங்கையும், அடுத்த ஆண்டு அரைப் பென்னியையும் தனியே அச்சிடத் தொடங்கியபின் வெட்டும் தேவை மறைந்தது. தனித்துக் கிடைக்கும் ஒரு காசு 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்கீழ் பொதுவாகப் புதையல் ஆகாது என்பதால், அதைப் பதிவு செய்வது கண்டெடுத்தவரின் விருப்பத்தைப் பொறுத்தது. 1997இல் தொடங்கிய தொல்பொருள் பதிவுத் திட்டத்தின் அலுவலர்கள், அவ்வாறு கொண்டுவரப்படும் துண்டின் எடையோடு, அது கிடைத்த வயலின் இடத்தையும் குறித்துக்கொள்கின்றனர்.