உடற்கூற்று நூலுந் தத்துவ நூலும்

சைவசித்தாந்த நூல்களைப் பாடங்கேட்கப் புகுவோர் முதற்கண் நெட்டுருச் செய்வன தொண்ணூற்றாறு தத்துவ தாத்துவிகங்களேயாம். முப்பத்தாறு தத்துவமும் அறுபது தாத்துவிகமும் வரிசை பிறழாது ஒப்பிக்க வல்ல மாணாக்கர் பலர் உளர். ஆயின், அவற்றுள் எண்ணப்பட்ட மயிர், என்பு, தோல், நரம்பு, தசை என்பன தம்முடம்பிற் செய்யுந் தொழில் யாதென வினவின் விடை கூறுவார் சிலரே. மற்றொருபால், மருத்துவக் கல்லூரியில் உடலை அறுத்துக் கற்று வந்த சைவ இளைஞர், ‘இடைகலை, பிங்கலை, சுழுமுனை என்பன எங்கே உள? உடல் முழுதும் அறுத்தும் கண்டிலமே’ என்கின்றனர். அவர்க்கு, ‘முதுகந்தண்டினுள் ஓடும் நரம்புகளே அவை’ என்று விரைந்து விடை கூறிவிடுவாரும் உளர். இவ்விடையால் இரு நூலுங் கெடும். தத்துவங்கள் கத்திக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடிக்கும் அகப்படும் பொருள்களே என்று ஒருகால் ஒப்பிவிடின், அகப்படாத தத்துவங்கள் யாவும் பொய்யென்று தள்ளப்படுமன்றே?

ஆதலின் இருவகை நூலும் எதனை எதன்பொருட்டு ஆராய்கின்றன என்று முதலில் வரையறுத்துக் கோடல் வேண்டும். உடற்கூற்று நூல் காணப்படும் உறுப்பின் அமைப்பையும் தொழிலையும் ஆராய்வது; நோய் தீர்த்தல் அதன் பயன். தத்துவ நூல் ஆன்மா எவ்வெக் கருவிகளோடு கூடி அறிகின்றது, அக்கருவிகளுள் எதுவும் ஆன்மா அன்று என்பது எங்ஙனம் என்று ஆராய்வது. பாசநீக்கம் அதன் பயன்.

இவ்வேறுபாட்டை மறவாது நோக்குவார்க்கு உடற்கூற்று நூல் பகையன்று. அந்நூலைத் தமிழிற் படித்தல் வேண்டுமென்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே முயன்றார் ஒருவர் உளர். அவர் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்து மருத்துவங் கற்பித்த அமெரிக்கப் பாதிரிச் சங்கத்து வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் பிறந்த அதே 1822 ஆம் ஆண்டிற் பிறந்தவர். ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் பெருநூலை 1872 இல் வெளிப்படுத்தினார். அவர் சார்ந்த சமயத்தை நாவலரவர்கள் மறுத்தார்கள். அது பற்றி அந்நூலின் என்புக் கணக்குப் பிழையாகிவிடாது.

இனி அவ்வுடம்பைச் சிறிது நோக்குவாம். பெரியோர்க்கு என்புகள் 206. பிறந்த குழவிக்கு ஏறக்குறைய 300. வளருங்காற் பல ஒன்றோடொன்று பொருந்துதலின் தொகை குறையும். என்பினை வெறுங் கட்டையென எண்ணற்க. அதனுள் இருக்கும் மச்சையே குருதியின் செவ்வணுக்களை இடையறாது பிறப்பிப்பது. அச்செவ்வணு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 120 நாள் நின்று அழியும். என்பைப் பிருதிவியின் கூற்றிலும், மச்சையையும் உதிரத்தையும் அப்புவின் கூற்றிலும் நம் நூல்கள் வைத்தமை ஈண்டு நினைக்கத்தக்கது. முன்னோர் குருதியணுவைக் கண்டறிந்தனர் என்று இதனாற் கூறல் மிகையாம். கட்டியதனையும் நெகிழ்ந்ததனையும் அவர் பகுத்த பகுப்பு இயற்கையோடு மாறுபடவில்லை என்னும் அளவே கொள்ளற்பாலது.

அன்றியும், சொற்பொருள் பற்றி ஓர் எச்சரிக்கை உண்டு. ‘நரம்பு’ என்னுஞ் சொல் முன்னாளில் தசையைப் பிணிக்கும் நாரினையும், குருதிக் குழாயினையும், உணர்ச்சி செல்லும் இழையினையும் வேறுபாடின்றிக் குறித்தது. ‘மூளை’ என்பதும் தலையினுள் இருப்பதனையேயன்றி என்பினுள் இருப்பதனையும் உணர்த்தும். இன்றைய பாடநூலிற் கண்ட பொருளைப் பழைய உரையிற் புகுத்திப் படிப்போர் இவ்விரு சொல்லிலேயே முதற்கண் இடறுகின்றனர்.

இதயம் ஒரு நிமிடத்தில் எழுபதின் அளவாகத் துடிப்பது. நாள் ஒன்றுக்கு ஓரிலட்சம் துடிப்பு. ஐந்து லிட்டர் அளவுள்ள குருதி முழுதும் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் ஒருமுறை வலம் வந்துவிடும். குருதி இங்ஙனம் சுற்றி வருதலை ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628 இல் நூலெழுதி நாட்டினார். இதயத்தை இயக்குவது மூளை என்று பலர் எண்ணுவர், அது பொருந்தாது. அதன் வல மேலறையில் உள்ள சிறிய திசு முடிச்சே துடிப்பைத் தொடங்குவது. நரம்புகள் அத்துடிப்பை விரைவுபடுத்தலும் தணித்தலுமே செய்யும். உடம்பினின்றும் பிரித்தெடுத்த இதயம் சிறிதுபோது தானே துடித்தற்குக் காரணம் இதுவே.

மூச்சின் செய்தி வேறு. அதன் ஒழுங்கு தலையினடியில் உள்ள முகுளத்தைச் சார்ந்தது. நாள் ஒன்றுக்கு 21,600 சுவாசம் என்பது முன்னோர் கணக்கு. தில்லைப் பொன்னம்பலத்துப் பொன்னோடுகளின் தொகையும் அதுவே என்பர். வகுத்துப் பார்ப்பின் நிமிடத்திற்குப் பதினைந்தாம். இளைப்பாறியிருப்பவர்க்கு நிமிடத்திற்குப் 12 முதல் 20 வரை என்னும் இன்றைய அளவையுள் இது செவ்வனே அடங்கும். உணவு செரித்தலும், அதன் சாரம் ஆறு மீட்டர் அளவான சிறுகுடலிலே குருதியிற் சேர்தலும், நாளமில்லாச் சுரப்பிகள் தம் நீரைக் குருதியிற் கலந்து வளர்ச்சி முதலியவற்றை ஆளுதலும் விரிப்பிற் பெருகும்.

ஈண்டு வேண்டுவது நரம்பு மண்டலமே. மூளையின் நிறை ஒன்றேகால் முதல் ஒன்றரைக் கிலோ வரையினது. அதனுள் நரம்பணுக்கள் ஏறக்குறைய 8,600 கோடி. உலகாயதர்க்கு இக்காலத்துப் பெருந்துணையாவது இவ்வுறுப்பே. 1861 இல் பாரிசு நகரத்துப் பால் புரோக்கா என்னும் மருத்துவர், நாவும் தொண்டையும் பழுதின்றியிருந்தும் ஓரசையன்றி வேறு பேசமாட்டாதிருந்த ஒருவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்து, முன்புறத்தே இடப்பக்கத்தில் ஓரிடம் சிதைந்திருத்தலைக் கண்டார். அவ்வாறே பிடரிப்புறத்து மூளை பழுதுபடின், கண் நன்றாயிருந்தும் பார்வை ஒழியும். நினைவு, துணிவு, சினம், அன்பு ஒவ்வொன்றும் மூளையின் ஊறுபாட்டால் மாறுதல் கண்கூடு. ‘ஆகவே அறிவாவது மூளையே; ஆன்மா என வேறொன்று எற்றுக்கு?’ என்பது அவர் வினா.

இவ்வினாவுக்கு அஞ்சிக் காட்சியை மறுக்கப் புகுதல் அறிவுடைமையாகாது. சித்தாந்தத்தை நன்கு பயின்றார்க்கு இதில் அச்சமும் இல்லை. புரோக்கா கண்டது, வாக்கென்னும் கருமேந்திரியம் வேறு, நா வேறு என்பதாம். பிடரி மூளையின் செய்தி காட்டுவது, காணும் இந்திரியம் வேறு, கண்ணென்னும் கோளகம் வேறு என்பதாம். இந்திரியம் கோளகமன்று, அதனை இடமாகக் கொண்டு நிற்கும் ஆற்றல் என்று நம் ஆசிரியர் நெடுங்காலமாகக் கூறி வருகின்றனர். ‘அவ்விந்திரியம் மூளையிலிருக்கும் அவ்விடமே’ என்பாராயின், கோளகம் ஓரடி உள்ளே தள்ளிற்று என்பதன்றிப் பிறிதில்லை.

மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணம் நான்கும் மாயையின் காரியமாகிய சடங்கள் என்பது சித்தாந்தத் துணிபு. மனத்தையே ஆன்மா என்பாரை மெய்கண்டார் நான்காஞ் சூத்திரத்து மறுத்தருளினார். கருவிகள் இன்றிக் கேவலத்திற் கிடக்கும் ஆன்மா எதனையும் அறியாது என்பதும் அவர் நெறியே. ஆகவே கருவி பழுதுற்றால் அறிவு தடைப்படும் என்பது சித்தாந்தத்துக்கு மறுப்பாகாமல், சித்தாந்தம் முன்னரே கூறிவைத்ததாக முடிகின்றது. ஆன்மா தானே எல்லாம் அறியுமென்றும் உடல் அதற்கு வெறுஞ் சிறையென்றும் கொள்ளும் கொள்கையினரே இவ்வினாவால் இடர்ப்படுவர்.

ஆயினும் இதனை அளவின்மேற் கொள்ளற்க. மூளையாராய்ச்சி ஆன்மாவை இல்லையென்று நாட்டவில்லை என்பதே இதனாற் பெறப்படுவது. உண்டென்று நாட்டுதல் சிவஞானபோத மூன்றாஞ் சூத்திரத்து ஏதுக்களின் பொறுப்பு. சொற்பொழிவாளர் சிலர், ‘ஏழாண்டுக்கொருமுறை உடல் முழுதும் புதிதாகின்றது, முன்னதை நினைப்பவன் வேறுளன், அவனே ஆன்மா’ என்று முழங்குகின்றனர். தோலும் குடலின் உட்புறமும் குருதியும் புதிதாதல் மெய். மூளையின் நரம்பணுக்களிற் பெரும்பாலன பிறந்தது முதல் இறக்கும்வரை அவையேயாய் நிற்பன. பிழைபட்ட ஏதுவால் மெய்யை நாட்டப் புகின் மெய்யே ஐயுறப்படும்.

மூன்றாஞ் சூத்திரத்து ஏதுக்களுள் உறக்கம் பற்றியது ஒன்று. உறங்கும்போதும் பிராணவாயு ஓயாது இயங்குகின்றது. ஆயினும் இன்பதுன்ப நுகர்ச்சியும் தொழிலும் இல்லை. ஆதலின் பிராணன் ஆன்மா அன்று. இதயமும் முகுளமும் தாமே இயங்கும் தன்மையை மேலே கண்டோர்க்கு இவ்வேதுவின் வலிமை இனிது விளங்கும். அவத்தைக் கணக்கிலும் இவ்வாறே ஓர் ஒற்றுமை உண்டு. நனவிற் கருவி முப்பத்தைந்து; கனவில் ஞானேந்திரியமும் கருமேந்திரியமுமாகிய பத்தும் நீங்க இருபத்தைந்து. 1953 இல் சிகாகோப் பல்கலைக்கழகத்து அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் உறங்குவோர் கண் இமைக்குள் விரைந்து அசையும் பருவத்தைக் கண்டு, அப்பருவத்தில் எழுப்பப்பட்டோர் பெரும்பாலும் கனவு கண்டமை கூறுதலையும் எழுதினர். அப்பருவத்தில் கைகால்களின் தசைகள் முற்றத் தளர்ந்து செயலற்றுக் கிடக்கும் என்பது பின்னர்த் தெரிந்தது. சத்தாதியும் வசனாதியும் நின்று, தொழில் செய்யும் பொறி ஒழிந்த நிலை இதுவே. சுழுத்தியில் பிராணனும் சித்தமும் புருடனும், துரியத்தில் பிராணனும் புருடனும், அதீதத்தில் புருடன் ஒன்றுமே நிற்கும் என்பவற்றிற்குக் கருவிகொண்டு ஒப்புக்காட்ட முயல்வது வீண்.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. 1967 திசம்பர் 3 ஆம் நாள் கேப்டவுன் நகரில் கிறிஸ்டியன் பார்னார்ட் என்னும் மருத்துவர், விபத்தில் இறந்த ஒரு பெண்ணின் இதயத்தை வேறொருவர்க்குப் பொருத்தினார். அவர் 18 நாள் உயிர்வாழ்ந்தார். பழைய அவராகவே உற்றாரோடு உரையாடினார். ‘எனது உடல்’ என்னும் வழக்கால் உடையானும் உடைமையும் வேறென்ற ஏது, இங்கே ஓர் உறுப்பு உடைமை மாறிய செய்தியால் தெளிவுறுகின்றது. இந்தியாவில் 1994 ஆம் ஆண்டுச் சட்டம் மூளைத்தண்டு இறந்தாரை இறந்தாரென ஏற்று, உறுப்புக் கொடைக்கு இடந்தந்தது. அதுமுதல், பொறியால் மூச்சு நடக்கவும் இதயம் துடிக்கவும் கிடக்கும் மகனையோ கணவனையோ நோக்கி, ‘உயிர் இருக்கின்றதோ இல்லையோ’ என்று கலங்குஞ் சைவக் குடும்பத்தார் உளராயினர்.

அவர்க்கு உரைக்கற்பாலது இது. இதயம் துடித்தல் ஒன்றே உயிரிருத்தற்குச் சான்றாகாது. அஃது உடம்பினின்றும் பிரித்தபின்னுந் துடிக்கும். பொறி ஊட்டும் மூச்சும் சான்றாகாது. ‘அதீதத்திலும் மூச்சடங்குமே, அதனை இறப்பென மயங்கலாகாதே’ எனின், அது தக்க வினாவே. அதீதத்தினின்றும் ஆன்மா மீண்டு மேலேறும். மீட்சியுடைமை பற்றியே அஃது அவத்தை எனப்பட்டது. முகுளம் அடங்கிய மூளைத்தண்டு இறந்தபின் மீட்சி இல்லை. அதனை உறுதிசெய்தற்கே மருத்துவர் குழு ஆறு மணி நேர இடையிட்டு இருமுறை சோதிக்கின்றது.

‘கண்ணைக் கொடுத்தால் மறுபிறப்பிற் குருடாய்ப் பிறக்க நேருமோ’ என்பது மற்றோர் அச்சம். ஆன்மாவோடு செல்வது தன்மாத்திரை ஐந்தும் மனம், புத்தி, அகங்காரமுமாகிய புரியட்டகம். தூலவுடம்பு பஞ்சபூத பரிணாமமாய் இங்கே ஒழிவது. வரும் பிறப்பின் உடம்பு வினைக்கீடாக வேறே அமைவது. சுடலையில் எரியும் கண்ணுக்கு இல்லாத தொடர்பு, பிறர் முகத்திருக்கும் கண்ணுக்கு மட்டும் எங்ஙனம் உண்டாகும்? காளத்தியில் உயிரோடிருந்தே கண்ணை இடந்து அப்பியவரை நாயனாராக வணங்கும் கூட்டத்தார்க்கு இவ்வச்சம் எழுந்தது வியப்பே. கருவிழியின் மேலுறையைப் பிறர்க்குப் பொருத்தல் 1905 இல் எட்வர்ட் சிர்ம் என்னும் மருத்துவராற் கைகூடிற்று. இறந்தபின் ஏறத்தாழ ஆறு மணி நேரத்துள் அதனை எடுத்தல் வேண்டும். எடுத்தற்குச் செல்வது அரைமணி நேரத்தின் அளவே. முகம் வேறுபடுவதில்லை, இமை மூடியபடியே இருக்கும், அபரக்கிரியை யாவும் வழக்கம்போல நடக்கும்.